ரைன் நதிக்கரையில் காணாமல் போன கட்டடம்

போட்டோ என்றால் உள்ளது உள்ளபடி இருக்கும் என்று நம்பி வளர்ந்த தலைமுறை நாம். பத்திரத்தில் ஒட்டிய படமானாலும் சரி, பென்ஷன் விண்ணப்பத்துக்காகக் கணவனும் மனைவியும் விறைப்பாக உட்கார்ந்து எடுத்துக்கொண்ட ஜாயிண்ட் போட்டோவானாலும் சரி, அதில் இருப்பது உண்மை. கதை எழுதுகிறவர் கற்பனை செய்யலாம், ஓவியர் கூட்டிக் குறைக்கலாம். கேமரா பொய் சொல்லாது.

இந்த நம்பிக்கையைப் பெரிய அளவில் ஆட்டிப்பார்த்த ஒரு ஜெர்மானியரைப் பற்றி இன்று எழுதுகிறேன். பெயர் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி. 2011 நவம்பர் 8 அன்று நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் இவர் எடுத்த ஒரு புகைப்படம் 43 லட்சம் டாலருக்கு விலைபோனது. அன்றைய மதிப்பில் 20 கோடி ரூபாய்க்கு மேல். அதுவரை உலகில் எந்தப் புகைப்படமும் ஏலத்தில் அந்த விலை கண்டதில்லை. பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2022ல், மேன் ரே எடுத்த ஒரு படம்தான் அதைத் தாண்டியது.

அப்படி அந்தப் படத்தில் என்னதான் இருக்கிறது? மேலே சாம்பல் வானம். நடுவில் பட்டையாக ஒரு நதி. இரு பக்கமும் பச்சைப் புல் கரை. கீழே ஒரு ஒற்றையடிச் சாலை. அவ்வளவுதான். ஆள் இல்லை, படகு இல்லை, பறவைகூட இல்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் எல்லாம் படுக்கை வாட்டில் ஓடுகின்றன. படத்தின் பெயர் 'ரைன் 2'. எடுத்த ஆண்டு 1999. இடம் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரத்தின் அருகே.

இதில் ஒரு சேதி உண்டு. நிஜமான அந்த இடத்தில் எதிர்க்கரையில் ஒரு தொழிற்சாலைக் கட்டடம் இருந்தது. நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் இருந்தார்கள். குர்ஸ்கி கம்ப்யூட்டரில் அவற்றை அழித்துவிட்டார். அழித்ததை மறைக்கவில்லை, அவரே சொன்னார்.

இதைப் படித்ததும் எனக்கு ஆர்வம் வந்ததற்குக் காரணம் என் பிழைப்பு. ஒரு ஆப்செட் அச்சகத்தின் பிராசஸ் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். டச்சிங்தான் என் தொழில். ஜீரோ நம்பர் பிரஷ்ஷும் ஒபேக் மையும் வைத்துக்கொண்டு, விளக்குப் பெட்டி மேல் நெகட்டிவைப் போட்டுக் குனிந்து குனிந்து முதுகு வளைந்தவன் நான். காலண்டர் படத்தில் கோபுரத்துக்குக் குறுக்கே போகும் கரண்ட் கம்பியை எடுப்பது, முகத்தில் இருக்கும் தழும்பை மறைப்பது, இறந்துபோன தகப்பனாரின் பழைய படத்தை வெட்டி மகன் கல்யாண குரூப் போட்டோவில் சேர்ப்பது, இதெல்லாம் தினசரி வேலை. எங்களுக்கு மாதச் சம்பளம். இந்த மனிதருக்கு 20 கோடியா? (ஏலத் தொகை படத்தை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தவருக்குப் போகும், கலைஞருக்கு அல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். கொஞ்சம் ஆறுதல்!)

தாத்தா, அப்பா, பிள்ளை

குர்ஸ்கி 1955ல் லைப்சிக் நகரத்தில் பிறந்தார். அன்று அது கிழக்கு ஜெர்மனி. அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் மேற்கு ஜெர்மனிக்கு வந்துவிட்டது. பெர்லின் சுவர் எழுந்தது 1961ல். அதற்கு முன்பே வந்ததால் தப்பித்தார்கள். முதலில் எசன், பிறகு டுசல்டார்ஃப்.

தாத்தா ஹான்ஸ் புகைப்படக்காரர். அப்பா வில்லியும் புகைப்படக்காரர். அப்பா விளம்பரப் படங்கள் எடுக்கும் ஸ்டுடியோ நடத்தினார். பொருளை எப்படி வைத்தால் பளிச்சென்று தெரியும், வெளிச்சத்தை எங்கிருந்து கொடுத்தால் வாங்கத் தோன்றும் என்பதெல்லாம் பையனுக்கு வீட்டிலேயே கிடைத்த பாடம்.

1970களின் இறுதியில் எசன் நகரத்து ஃபோக்வாங் பள்ளியில் சேர்ந்தார். ஜெர்மனியில் புகைப்படக் கல்விக்குப் பேர்போன இடம். படித்து முடித்ததும் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஆக ஆசைப்பட்டு ஹாம்பர்க் போய் வேலை தேடினார். கிடைக்கவில்லை. ஊர் திரும்பி, 1981ல் டுசல்டார்ஃப் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேதான் அவருக்கு ஆசிரியர் கிடைத்தார். இருவராகக் கிடைத்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

பெஷர் தம்பதியின் வகுப்பு

பெர்ன்ட் பெஷர், ஹில்லா பெஷர் என்ற தம்பதியைப் பற்றிச் சொல்லாமல் குர்ஸ்கியைப் பற்றிச் சொல்ல முடியாது.

1959லிருந்து இருவரும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்தார்கள். ஜெர்மனியின் ரூர் பகுதி நிலக்கரிக்கும் இரும்புக்கும் பெயர் பெற்றது. சுரங்கங்களும் உலைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக் கொண்டிருந்தன. இடித்துப் பழைய இரும்பாக விற்பதற்கு முன் அவற்றைப் படம் பிடித்து வைப்பது என்று முடிவு செய்தார்கள். தண்ணீர்த் தொட்டிகள், ஊது உலைகள், கேஸ் தொட்டிகள், சுரங்கத்து வாயில் நிற்கும் சக்கரக் கோபுரங்கள். பெரிய கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்து எடுப்பது. எப்போதும் கறுப்பு வெள்ளை. எப்போதும் நேருக்கு நேர். நிழல் விழாத மேக மூட்டமான நாளில் மட்டும். படத்தில் ஆட்கள் கூடாது. பிறகு ஒரே வகைக் கட்டடங்கள் ஒன்பதையோ பன்னிரண்டையோ பதினைந்தையோ வரிசையாக மாட்டிவிடுவார்கள். பார்ப்பவர் தானாக ஒப்பிட்டுப் பார்ப்பார்.

இவர்களுக்கும் ஒரு முன்னோடி உண்டு. கொலோன் நகரத்து ஆகஸ்ட் சாண்டர். விவசாயி, கொத்தனார், சமையல்காரர், வக்கீல், வேலையில்லாதவர் என்று ஜெர்மானிய மக்களைத் தொழில் வாரியாக நேருக்கு நேர் நிறுத்திப் படம் எடுத்தவர். 1929ல் அவற்றில் 60 படங்களை நூலாக வெளியிட்டார். நாஜிகளுக்கு அது பிடிக்கவில்லை. 1936ல் நூல்களைப் பறிமுதல் செய்து அச்சுத் தகடுகளையும் அழித்தார்கள். 'உயர்ந்த இனம்' என்று மேடையில் முழங்குபவர்களுக்கு, நிஜமான ஜெர்மானியர் எப்படி இருப்பார் என்று காட்டும் படங்கள் சங்கடம்தானே! உள்ளதை உள்ளபடி காட்டுவது சில காலங்களில் ஆபத்தான தொழில்.

1976ல் பெர்ன்ட் பெஷர் டுசல்டார்ஃப் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். பதவி அவர் பெயரில் என்றாலும் பாடம் நடத்தியதில் ஹில்லாவுக்கும் சம பங்கு. காண்டிடா ஹோஃபர், தாமஸ் ஸ்ட்ரூத், தாமஸ் ரூஃப், ஆக்ஸல் ஹூட்டே, குர்ஸ்கி என்று அந்த ஒரு வகுப்பிலிருந்து கிளம்பியவர்கள் உலகப் புகழ் பெற்றார்கள். ஆசிரியர்களுக்கு 1990ல் வெனிஸ் கலைவிழாவில் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அது சிற்பத்துக்கான விருது. தண்ணீர்த் தொட்டியைச் சிற்பமாகப் பார்க்க வைத்ததற்குப் பரிசு.

மலையில் எறும்புகள்

மாணவர் குர்ஸ்கியின் ஆரம்ப கால வரிசை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். பெரிய நிறுவனங்களின் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் காவலர்கள். பெரும்பாலும் இரண்டிரண்டு பேர். பளபளக்கும் கட்டடத்தின் முன் கூடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் இரு சாதாரண மனிதர்கள். ஆகஸ்ட் சாண்டரின் பேரப்பிள்ளைகள் போலத் தெரிவார்கள்.

திருப்பம் 1984ல் வந்தது. விடுமுறைக்கு சுவிட்சர்லாந்து போயிருந்தார். கிளவுசன் கணவாயில், கூட வந்த ஒருவர் கேட்டதற்காக மலையை ஒரு படம் எடுத்தார். சில மாதங்கள் கழித்து அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் மலைச் சரிவில் ஆங்காங்கே சின்னச் சின்னப் புள்ளிகளாக மனிதர்கள் நடந்துகொண்டிருப்பது தெரிந்தது. எடுக்கும்போது அவர்களை அவர் கவனிக்கவே இல்லை.

கண் காணாததைக் கேமரா கண்டிருந்தது. அதன் பிறகு அவர் வழி அதுதான். எட்டி நின்று, உயரத்தில் நின்று, பெரிய இடத்தையும் அதில் எறும்பாக இருக்கும் மனிதர்களையும் ஒன்றாகப் பிடிப்பது. நீச்சல் குளத்தைச் சுற்றியிருக்கும் கூட்டம், ஆற்றங்கரையில் தூண்டில் போடுபவர்கள், துறைமுகம், தொழிற்சாலை. ஆசிரியர்களின் கறுப்பு வெள்ளையை விட்டுக் கலருக்கு வந்துவிட்டார். ஆனால் நேருக்கு நேர் பார்ப்பதும், உணர்ச்சியைக் காட்டாமல் நிற்பதும் வகுப்பில் கற்றதுதான்.

1987ல் அவருடைய முதல் தனிக் கண்காட்சி டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் நடந்தது. போகிற வருகிற பயணிகள் பார்க்கிற இடம். அவர் படங்களுக்குப் பொருத்தமான இடம் என்றே நினைக்கிறேன்.

கம்ப்யூட்டர் நுழைந்தது

1990களின் தொடக்கத்தில் எங்கள் அச்சகத்துக்கு ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் வந்தன. அதே காலத்தில், 1992 வாக்கில், குர்ஸ்கியும் அவற்றைக் கையில் எடுத்தார்.

1993ல் அவர் எடுத்த 'பாரிஸ், மொன்பர்னாஸ்' படத்தைப் பாருங்கள். பாரிஸில் ஏறத்தாழ 750 வீடுகள் கொண்ட ஒரே நீளமான அடுக்குமாடிக் கட்டடம். எதிரில் நின்றால் முழுக் கட்டடமும் நேராகத் தெரியாது. ஓரங்கள் குறுகி ஓடும், கோணல் விழும். குர்ஸ்கி இரண்டு இடங்களில் கேமராவை நிறுத்தி எடுத்து, கம்ப்யூட்டரில் இணைத்தார். கிடைத்தது ஏறத்தாழ 4 மீட்டர் அகலப் படம். தூர நின்றால் கலர் கட்டம் போட்ட துணி மாதிரி இருக்கும். கிட்டே போனால் ஒவ்வொரு ஜன்னலும் ஒரு குடும்பம். ஒருவர் திரை போட்டிருக்கிறார், ஒருவர் விளக்கு போட்டிருக்கிறார்.

2018ல் லண்டனில் மகள் வீட்டில் இருந்தபோது ஹேவர்ட் காலரியில் நடந்த குர்ஸ்கி கண்காட்சிக்குப் போனேன். இந்தப் படத்தின் முன் அரை மணி நேரம் நின்றேன். தொழில் புத்தி போகுமா? இணைப்பு எங்கே என்று தேடினேன். தெரியவில்லை. சுத்தமான வேலை. இன்னொன்றும் புரிந்தது. இந்தப் படங்களைச் செல்போனில் பார்ப்பது வீண். இவ்வளவு பெரிதாக, அக்ரிலிக் தகட்டின் பின்னால் நேரடியாக ஒட்டி, ஓரம் முதல் ஓரம் வரை ஒரே கூர்மையோடு இருக்கும்போதுதான் எட்டிப் போய் முழுசையும், கிட்டே வந்து ஒருவரையும் பார்க்க முடிகிறது. கூட்டத்தில் ஒருவரும் மங்கலாக இல்லை. நாங்கள் குரூப் போட்டோ எடுத்தால் பின் வரிசைக்காரர் 'என் முகம் தெளிவா இல்லையே' என்று சண்டைக்கு வருவார். குர்ஸ்கியிடம் அந்தப் புகாருக்கு இடமில்லை.

இங்கே கம்ப்யூட்டர் செய்தது பொய்யா? என் கணக்கில் இல்லை. அந்தக் கட்டடம் அப்படித்தான் இருக்கிறது. ஒரே இடத்தில் நிற்கும் மனிதனின் கண்தான் அதைக் காண முடியாது. அந்தக் குறையை அவர் நிரப்பினார்.

மூடப்பட்ட இடங்கள்

1990ல் ஒரு செய்தித்தாள் படத்தைப் பார்த்துவிட்டு டோக்கியோ பங்குச்சந்தைக்குப் போனார் குர்ஸ்கி. கறுப்பு கோட்டு, வெள்ளைச் சட்டையில் ஆட்கள் கூட்டமாக நின்று வியாபாரம் செய்யும் தளத்தை மேலிருந்து எடுத்தார். பிறகு ஹாங்காங், சிகாகோ என்று பல ஊர்ச் சந்தைகள். 1999ல் டோக்கியோவின் அந்தத் தளம் மூடப்பட்டது, எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. சிகாகோவில் கை ஜாடை காட்டிக் கத்தி விற்ற வியாபாரக் குழிகளில் பெரும்பாலானவை 2015ல் மூடப்பட்டன.

1999ல் லாஸ் ஏஞ்சல்ஸில் எந்தப் பொருளும் 99 சென்ட் என்று விற்கும் கடையின் உள்ளே ஒரு படம் எடுத்தார். மிட்டாய், சோப்பு, பாட்டில் என்று கண்ணைப் பறிக்கும் வரிசைகள். அலமாரிகளுக்கு இடையே வாடிக்கையாளர்களின் தலைகள் மட்டும் எட்டிப்பார்க்கின்றன. பொருள் கடல், மனிதர் அதில் மூழ்கியவர். அந்தப் பொருள்களின் நிறம் கூரையில் பிரதிபலிப்பதுபோல் இருப்பது கம்ப்யூட்டரில் சேர்த்தது. அந்தக் கடைத் தொடரும் 2024ல் எல்லாக் கிளைகளையும் மூடுவதாக அறிவித்துவிட்டது.

2016ல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் அமேசான் கிடங்கை எடுத்தார். கண்ணுக்கு எட்டிய வரை அடுக்கிய பொருள்கள். மனிதரைத் தேட வேண்டியிருக்கிறது. தூண்களில் 'கடுமையாக உழை', 'மகிழ்ச்சியாக இரு', 'வரலாறு படை' என்ற பொருளில் ஆங்கில வாசகங்கள் தொங்குகின்றன. யாரிடம் சொல்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

ஆசிரியர்கள் மறையப்போகும் உலைகளைப் படமெடுத்தார்கள். மாணவர், இனிமேல் இதுதான் உலகம் என்று எல்லோரும் நினைத்த இடங்களைப் படமெடுத்தார். அவற்றில் சில இருபது முப்பது ஆண்டுகளிலேயே பழங்கதை ஆகிவிட்டன. நிலக்கரிச் சுரங்கமாவது சில தலைமுறைகள் நின்றது. வரலாற்றுப் படம் எடுப்பதாகச் சொல்லாமலேயே அவர் வரலாறு எடுத்திருக்கிறார்.

மறுபடியும் அந்த நதிக்கரைக்கு

அப்படியானால், கூட்டிக் குறைத்த படத்தை வரலாற்றுச் சாட்சியாக ஏற்கலாமா? இதுதான் என்னை விடாத கேள்வி.

அழிப்பது என்றாலே எனக்கு இன்னொரு கரை நினைவுக்கு வரும். மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலின் நடக்கும் பழைய படம் ஒன்று உண்டு. பக்கத்தில் ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த யெழோவ். 1940ல் யெழோவுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பிறகு வந்த படத்தில் அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர் ஓடுகிறது. என்னைப் போன்ற ஒரு டச்சிங்காரர்தான் அதைச் செய்திருப்பார். கையில் இதே மாதிரி பிரஷ்தான் இருந்திருக்கும்.

ஸ்டாலின் அலுவலகத்து டச்சிங்குக்கும் குர்ஸ்கியின் டச்சிங்குக்கும் உள்ள தூரம் என்ன? அங்கே, இந்த மனிதர் இங்கே நின்றதே இல்லை என்று உலகத்தை நம்ப வைக்கப் பார்த்தார்கள். இங்கே, இது நான் உண்டாக்கிய படம், இதிலிருந்து இதை எடுத்தேன் என்று கலைஞரே சொல்கிறார். ஒன்று ஒளித்துச் செய்தது, மற்றது சொல்லிச் செய்தது. பிரஷ் ஒன்றுதான், நேர்மை வேறு. பெஷர் தம்பதிகூட ஆட்கள் இல்லாத, நிழல் இல்லாத நேரத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள்தான். எதை விடுவது என்று முடிவு செய்யாத கேமரா இல்லை. செய்தித்தாளுக்கும் நீதிமன்றத்துக்கும் போகும் படத்தில் ஒரு புள்ளிகூடத் தொடக்கூடாது. கலைக்கூடத்தில் தொங்கும் படத்துக்கு அந்த விதி கிடையாது, சொல்லிவிட்டால் போதும்.

இவ்வளவு சமாதானம் சொன்ன பிறகும் 'ரைன் 2' என்னை உறுத்துகிறது. தொழிற்சாலைக் கட்டடம் ஒவ்வொன்றையும், இடிபடுவதற்கு முன் காப்பாற்ற வேண்டிய பொருளாக நினைத்து ஊர் ஊராக அலைந்தவர்கள் ஆசிரியர்கள். அவர்களுடைய புகழ்பெற்ற மாணவரின் மிகப் புகழ்பெற்ற படம், ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தை அழித்ததால் உருவானது. நதி அழகாகிவிட்டது, மறுக்கவில்லை. லண்டனில் அதன் முன் நின்றபோது மனம் அமைதியானதும் உண்மை. ஆனால் ரைன் வெறும் நதி அல்ல. அதன் கரையில் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களின் நதியும் அதுதான். அவர்களின் கூடத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நதியின் வடிவம், நதியின் கதை அல்ல.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. மொன்பர்னாஸ் கட்டடத்தையும் பங்குச்சந்தைகளையும் நாளைய வரலாற்று மாணவனுக்குத் தைரியமாகக் கொடுப்பேன். ரைன் படத்தைக் கொடுத்தால், பக்கத்தில் ஒரு சிறு குறிப்பும் சேர்த்துக் கொடுப்பேன்: 'எதிர்க்கரையில் ஒரு தொழிற்சாலை இருந்தது.' இன்றைக்குக் கம்ப்யூட்டரே இல்லாத மனிதர்களையும் நடக்காத நிகழ்ச்சிகளையும் படமாக்கித் தருகிறது. அந்த மாதிரி ஒரு வரிக் குறிப்பு எல்லாப் படத்துக்கும் தேவைப்படும் காலம் வந்துவிட்டது.

பிள்ளைகள் வீட்டுக்கு வெளிநாடு போகும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. 'ரைன் 2' படத்தின் பிரதிகள் லண்டன் டேட் மாடர்ன், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம், முனிக் நவீனக் கலைக்கூடம் ஆகிய இடங்களில் உள்ளன. எப்போதும் சுவரில் மாட்டியிருக்க மாட்டார்கள், பிள்ளைகளிடம் சொல்லி முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். போனால் முதலில் பத்தடி தள்ளி நில்லுங்கள். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டே போங்கள். அந்த எதிர்க்கரையை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் பாருங்கள்.